காய்ச்சல் இல்லாத பிள்ளை

ஆண்டாய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

"அக்கா, நாளைக்கு ஆபீசர் வாராக. பாப்பாவுக்கு லீவு போட்டுருங்க. காய்ச்சல்னு எழுதிக்கிறேன்."

"அவளுக்குக் காய்ச்சல் இல்லையே டீச்சர். இந்தா, முருங்கை மரத்துல ஏறி நிக்கா."

"அது எனக்குத் தெரியாதாக்கா? ஒரு நாளைக்குத்தான்."

முந்தின வருடமும் ஒரு நாளைக்குத்தான். அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. வாசிப்பதில் மெதுவானவள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். டீச்சர் சொன்னபடி வீட்டில் நிறுத்திக்கொண்டேன். நெற்றியில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் கேட்டாள்: "அம்மா, காய்ச்சல் சுடாமயும் வருமா?" நான் ரசஞ்சோறு கரைத்துக் கொடுத்தேன். பொய்க்குப் பத்தியம். அந்த ரசத்தின் வாசம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

டீச்சரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மூன்று வகுப்புகளை ஒற்றை ஆளாகக் கட்டி இழுக்கிறவர். அறிக்கையில் பள்ளிக்கூடத்தின் மதிப்பு இறங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அருப்புக்கோட்டைத் தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மஞ்சள் வேனில் இன்னும் நாலு பிள்ளைகள் ஏறும். தலைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்து ஊர் என்றால் கருவேலங்காட்டு வழியாக ஒரு மணி நேர நடை. தறிக்கும் பருத்திக்காட்டுக்கும் ஆளைக் கொடுத்த வீடுகளில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு. எல்லாம் தெரியும். ஆனால் இத்தனை பாரத்தையும் இறக்கி வைக்க என் மகளின் நெற்றிதானா கிடைத்தது?

காலையில் இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, நானே கூட்டிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் எதிர்வீட்டுக்காரி ஆபீசருக்காகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகளும் மூன்றாம் வகுப்புதான், அன்றைக்கு வீட்டில்.

"ஏத்தா, ஒம்மகளுக்குக் காய்ச்சல்னாக?"

"நேத்தே விட்டுருச்சு. ஒம்மகளுக்கு எப்ப விடும்?"

கோலப்பொடி கோடு தாண்டிச் சிந்தியது.

நான் ஜன்னலோரம் நின்றேன். ஆபீசர் புத்தகத்தை என் மகளிடமே நீட்டினார். மூன்றே வரிகள். முதல் வரியில் ஏரி நிறைய நீர் இருந்தது. ஏரி எங்கள் பக்கம் கிடையாது. கண்மாய் உண்டு, நீர் இல்லை. "ஏ... ரி..." என்று அவள் விரல் நகர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தான். திரும்பினாள்.

"ஏலே, சொல்லாத. நானே வாசிப்பேன்."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். வரி முடிந்தது.

"போதும்மா, உக்காரு."

"இன்னும் ரெண்டு வரி இருக்கு சார்."

"போதும்."

உட்கார்ந்தாள். விரல் மட்டும் இரண்டாவது வரியில் இருந்தது.

பத்து நாள் கழித்துப் பெற்றோர் கூட்டம். பள்ளிக்கூடம் ஒரு படி இறங்கியிருந்தது. டீச்சர் அறிக்கையை வாசித்தார்: "மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர் ஒருவர்."

"ஒருத்தி மகளால ஊருக்கே கெட்ட பேரு," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "வேன்காரன் நேத்தே வந்து விசாரிச்சிட்டுப் போனான்."

எழுந்து நின்றேன்.

"அதுல ரெண்டு தப்பு இருக்கு டீச்சர். எம்மக வாசிச்சா. மெதுவா வாசிச்சா, ஆனா தானா வாசிச்சா. ரெண்டாவது, ஒருத்தர் இல்ல. அன்னைக்கி மூணாப்புல நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஒரே நாள்ல வந்து ஒரே நாள்ல போன காய்ச்சல். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவுக கையத் தூக்குங்க, பாப்போம்."

யாரோ சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

"அஞ்சு பிள்ளைக தடுமாறுதுன்னு எழுதினாத்தான இன்னொரு டீச்சர் வேணும்னு கேக்க முடியும்? ஒருத்தின்னா எவன் அனுப்புவான்? நாமளே ஒளிச்சு வச்சிட்டு, டீச்சர் இல்லை இல்லைன்னா எப்படி?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரி என்னை முறைத்தாள்.

"என்னைய ஏன்டி பாக்குற?" என்றாள்.

"நான் பாக்கல. நீதான் பாக்குற."

பிறகு அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"எழுதித் தொலைங்க டீச்சர். எம்மகளுக்கும் காய்ச்சல் இல்ல."

கூட்டத் தீர்மான நோட்டில் டீச்சர் எழுதினார்: ஐந்து பேர். கூடுதலாக ஓர் ஆசிரியர் வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே, என் எழுத்தை இடித்துக்கொண்டு, அவளுடையது.

ஆள் இன்னும் வரவில்லை. வேனில் இரண்டு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அடுத்த ஆய்வு தை மாதம் என்கிறார்கள். வரட்டும். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வராது.