ஒன்றுவிட்ட கோணங்கள்

நீலப்பொடி தோய்த்த நூலைச் சுண்டுவதற்கு முன் அவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். நூலின் மறுமுனையைப் பிடித்திருப்பவரும் அடக்கியாக வேண்டும். "நீ இருமினா கோடும் இருமும்" என்பது அவருடைய சட்டம். நூல் தரையில் அடித்ததும் நீலக் கோடு விழும்; அதன்மேல் வெள்ளை வண்ணம் ஓடும். சாலைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் கோடு போடுவதுதான் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. கூட வேலை செய்பவர்களுக்கு அவர் கோட்டக்கா.

முழங்கால் இரண்டும் காய்த்துப்போனவை. நடக்கும்போது கண் தரையைவிட்டு எழாது. என் வகுப்பறைக்குள் முதல் நாள் நுழைந்தபோதும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. தரைக்கற்களைப் பார்த்துவிட்டு, "மூலையில ஒரு விரல் விலகியிருக்கு டீச்சர்" என்றார். விலகித்தான் இருந்தது.

பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் நான் கணக்கு சொல்லித்தருகிறேன். மேற்பார்வையாளர் பதவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மற்ற பாடங்களில் தேறிய கோட்டக்காவின் காலைக் கணக்கு மட்டும் இரண்டு முறை வாரிவிட்டது. மூன்றாம் முறையும் போனால் நேற்று வந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்தப் புதியவர் போட்ட கோடுகளை அழித்துத் திரும்பப் போடுவதே கோட்டக்காவுக்குப் பாதி வேலை.

வீட்டுப்பாடத்துக்குத் துணை கணவர்தான். மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். பள்ளியில் கணக்கு நன்றாக வந்தவர். வகுப்புக்கு அரை மணி முன்பே இருவரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைய கணக்கு இது: இரண்டு இணைகோடுகள், அவற்றை வெட்டும் ஒரு குறுக்குவெட்டி, ஒரு கோணம் அறுபத்தைந்து பாகை. மற்ற ஏழையும் காண வேண்டும். கணவர் ஒத்த கோணங்களைச் சொல்லி முடித்து ஒன்றுவிட்ட கோணங்களுக்கு வந்தார்.

"ஒண்ணுவிட்டன்னா? உங்க ஒண்ணுவிட்ட தம்பி மாதிரியா?"

"அவனேதான். அந்தப் பக்கம் போய் உக்காந்தாலும் அளவு மாறமாட்டான்."

சிரித்தார்கள். கணக்குதான் நகரவில்லை. மூன்றாம் முறை விளக்கிவிட்டுக் கணவர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபமில்லை, புரியவைக்க முடியவில்லையே என்ற வாட்டம். அதைப் பார்த்ததும் கோட்டக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு இது மண்டையில் ஏறாது என்று முனகிக்கொண்டே நோட்டை மூடப்போனவர், பாதியில் நிறுத்தி, அதைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"ஏங்க, இது உங்க ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்துற இடம்தானே?"

அங்கே சாய்வாக நாற்பது கோடுகள் போட்டவர் அவர். நடைபாதை விளிம்புதான் குறுக்குவெட்டி. பென்சில் கைமாறியது; ஏழு கோணங்களும் மடமடவென்று விழுந்தன. எல்லாம் சரி. எப்படி என்று கேட்டேன்.

"முதக் கோட்டை அப்படியே தள்ளிவச்சா ரெண்டாவது கோடு, டீச்சர். தள்ளத்தானே செஞ்சேன், சாய்க்கலையே. அப்புறம் கோணம் எப்படி மாறும்?"

பதினாறு வருடமாக அந்த விதியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

தேர்வில் நாற்பத்தொன்று வாங்கினார், முப்பத்தைந்தே போதும். பதவியும் வந்தது.

போன வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், மரக் கோணமானியை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனேன். கோட்டக்காவின் ஆட்கள் பழைய கோடுகளுக்குப் புது வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோட்டை மட்டும்தான் அளந்ததாகவும், மிச்சமெல்லாம் தள்ளிவைத்ததே என்றும் அவர் சொன்னார். நடைபாதை விளிம்போடு முதல் கோடு அறுபது பாகை. பதினேழாவதும் அறுபது. நாற்பதாவதில் வைத்தேன். மயிரிழை பிசகவில்லை.

அவரிடம் சொல்லத் திரும்பினேன். மேற்பார்வையாளரின் புதுச் சீருடையோடு தரையில் மண்டியிட்டு, கோட்டுக்கு வெளியே தெறித்திருந்த மிளகளவு வெள்ளைத் துளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.