கணக்குத் தேர்வன்று ஏறிய நீர்

அறுபதுகளின் நடுப்பகுதியில், பம்பாய் மாட்டுங்காவில் நான் பள்ளி இறுதி வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. முக்கோணவியல் என்றாலே எனக்கு அச்சம். சைன் முப்பதின் மதிப்பே சைன் முந்நூற்றுத் தொண்ணூறுக்கும் எப்படி வரும் என்று விளங்காமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த தாராவித் தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்கு வந்து பாரு பிள்ள. தண்ணி ஏறும், எறங்கும், திரும்ப ஏறும். இதப் போயி நெட்டுரு போடுதியே!"

அவள் வீடு உப்பங்கழியின் ஓரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது நீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஒரு ஞாயிறு முழுவதும் வாசலுக்கு எதிரே கழியில் நின்ற கம்பத்தில் நீர்மட்டத்தைக் குறித்து, வரைதாளில் புள்ளிகளை இணைத்தோம். ஏறி இறங்கிய கோடு, மீண்டும் அதே வடிவில் ஏறத் தொடங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு நாட்காட்டியைப் பார்த்தவளின் முகம்தான் வாடியது. கணக்குத் தேர்வு அமாவாசைக்கு மறுநாள். நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், நண்பகல் தாண்டியதும், நீர் வீட்டுக்குள் இருக்கும்.

வாதத்தில் விழுந்த அவள் அப்பா தரையில்தான் படுத்திருப்பார். நீர் ஏறும்போது அவரைப் பெஞ்சில் தூக்கிக் கிடத்த அண்டை வீட்டார் உதவுவார்கள். அவர்கள் வீட்டிலும் நீர் ஏறும் என்பதால், சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்துவந்த அவள் அம்மா, தேர்வன்று அரைநாள் விடுப்புக் கேட்டிருந்தார். விருந்தினர் வருகிறார்கள் என்று அந்த வீட்டில் மறுத்துவிட்டார்கள். "எப்படியும் வந்துருவேன், நீ போயி எழுது" என்று மகளை அனுப்பிவைத்தார்.

தேர்வறையில் அவள் எனக்கு முன்வரிசை. பன்னிரண்டு மணி அடித்ததும் பேனாவை மூடினாள். பாதி எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, யாரையும் பாராமல் வெளியேறினாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு ஓடினேன். தரையெல்லாம் சேறு. அப்பா சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நீர் வருமுன்பே அம்மா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தார். மகளை வாசலில் கண்டதும் அறைந்துவிட்டாராம். நான் போனபோதும் அம்மாவின் அழுகை ஓயவில்லை.

"நாந்தான் வாரேன்னு சொன்னேம்லா? நீ எதுக்குட்டி வந்த?"

"ஒன்ன நம்பாமலா வந்தேன்? அவுக ஒன்ன விடணும்லா?"

அம்மாவின் வேலை போயிற்று. தோழி கணக்கில் தேறவில்லை. மறுமுறை எழுதவுமில்லை, தையல் பட்டறைக்குப் போனாள். நான் கணிதத்திலேயே பட்டம் பெற்றேன்.

கடல் வரும் வேளையைப் பள்ளிச் சிறுமிகள் இருவரால் முன்கூட்டியே அறிய முடிந்தது. ஒரு வீட்டார் ஒரு பெண்ணை அரைநாள் விடுவார்களா என்பதை அறிய முடியவில்லை. இன்று எங்கள் வீட்டில் வேலை செய்பவர் விடுப்புக் கேட்டால் நான் காரணம் கேட்பதில்லை. ஆனால், ஒருத்தியின் படிப்பு இன்னொருவர் மனமிரங்குவதை நம்பி நிற்கும்வரை, என் இரக்கமும் யாருக்கும் போதாது என்பதை அறிந்தே இருக்கிறேன்.