இரண்டாம் பக்கத்து விசில்

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் 'டவுட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. லிஃப்டின் கூரைமேல் குந்திக்கொண்டு, எந்த உருளை முனகுகிறது, எந்தக் கம்பிவடம் உரசுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவருக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

"நல்லவேளை, என்னைக் கட்டிக்கும்போது இந்தப் புத்தி உங்களுக்கு இல்ல," என்பாள் மனைவி.

அவர் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்று. ஒரு ராக் குழு மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்திருந்த இரட்டை இசைத்தட்டு. தோள்வரை முடி வளர்த்த ஐந்து பேர். ஒரு பாட்டை ஆரம்பித்தார்கள் என்றால் தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். நடுவில் தாளம் நான்கு தடவை சட்டை மாற்றும். பாடகர் வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று நினைக்கும்போது திரும்பி வந்து இரண்டு வரி பாடுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் வாங்கிக் கொடுத்தது அது. கொடுத்த அன்றே இரண்டாம் பக்கத்தைப் போட்டு, டிரம்ஸ் அடங்கி கீபோர்டு தனியாகத் தொடங்கும் இடத்தில் அண்ணன் விரலை உயர்த்தினார். கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு நீளமாக ஒரு விசில் வந்தது, பின்னாலேயே யாரோ இருமுவதும் கேட்டது.

"கேட்டியா? அது நான்தான்டா. அன்னிக்கு அங்கதான் இருந்தேன்."

அதன் பிறகு அது வெறும் பாட்டாக இல்லை, சொந்த ரத்தமாகிவிட்டது. கல்யாணம், வீடு மாற்றம், முதுகுவலி எதுவும் அதை அசைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தட்டு சுழலும். மகள் சின்னவளாக இருந்தபோது, விசில் வரும் இடத்தில் "பெரியப்பா" என்று கத்துவாள்.

அந்த மகள்தான் அவர் ஓய்வு பெற்றபோது நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். வினை அதில் வந்தது. நான்காம் பக்கத்தின் கடைசிக் கைதட்டலுக்கு அடியில் அதே விசில் கேட்டது. அதே நீளம், முடிவில் அதே நடுக்கம், பின்னாலேயே அதே இருமல். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"ஒரே ஆள் ரெண்டு தடவ ஒரே மாதிரி விசில் அடிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"அடிக்கலாம். பக்கத்துல இருக்கறவனும் அதே மாதிரி ரெண்டு தடவ இருமுவானா?"

கூட்டத்தின் சத்தத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அது எந்தக் கூட்டம்? எந்த ஊர்? சந்தேகம் தட்டிலிருந்து நழுவி அண்ணன்மேல் விழுந்தது. அண்ணன் விசில் அடித்து அவர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. சின்ன வயதில் நாயைக் கூப்பிடக்கூட கையைத்தான் தட்டுவார்.

பழம் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். பேச்சுவாக்கில், "அன்னிக்கு ஹால்ல எங்கண்ணே உக்காந்திருந்தே?" என்று கேட்டார்.

"முன்னாடிதான்."

அடுத்த தடவை போனபோது மறுபடி கேட்டார். "பின்னாடி, தூணுக்குப் பக்கத்துல," என்றார் அண்ணன்.

"போன தடவ முன்னாடின்னியே?"

"ஏன்டா, அந்தக் காலத்துல உக்காந்த சீட்டை எவன்டா ஞாபகம் வெச்சிருப்பான்?"

"சரி, ஒரு விசில் அடிச்சுக் காட்டு."

அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. அண்ணி ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார்.

"சொல்லிடுங்க. இனிமே யார் நம்மள வீட்டை விட்டுத் துரத்தப்போறாங்க?"

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் திருட்டுத்தனமாகச் சேர்ந்து போன இடம் அது. அப்பாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அண்ணன். விசில் அடித்தது அண்ணி. தட்டு வெளிவந்து அதைக் கேட்டதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே சொல்லவும் முடியாது, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியாது. தன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

"கல்யாணம் ஆனதும் சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குள்ள நீ ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டே. அப்புறம் உன் மக வேற பெரியப்பான்னு கத்த ஆரம்பிச்சுட்டா."

"அப்போ அந்த இருமல்?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது நான். இவ விசில் அடிச்சதும் பக்கத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பயத்துல தொண்டை அடைச்சுருச்சு."

"நாலாம் பக்கத்துல எப்படி வந்துச்சு?"

"அவங்க வெட்டி ஒட்டினதுக்கு நாங்க என்னடா பண்றது?"

அவர் அண்ணியைப் பார்த்தார். கேட்காமலே புரிந்துகொண்ட அண்ணி இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. "பல்செட்டு, தம்பி. இதை வெச்சுக்கிட்டு வராது," என்று சொல்லிச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ?

"நம்பிட்டீங்களா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"இருமலை நம்பறேன்," என்றார்.

அடுத்த ஞாயிறு இருவரையும் வரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அண்ணி அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் பாட்டைக் கேட்கவில்லை, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் அடங்கியது. கீபோர்டு தொடங்குவதற்கு முன்னால் அண்ணியின் நெஞ்சு மேலே ஏறி, மூச்சு அப்படியே நின்றது. தட்டு விசில் அடித்தது. அண்ணி மெல்ல மூச்சை விட்டார்.

மனைவி முழங்கையால் அவரை இடித்து, "இப்பவாவது?" என்றாள்.

அவர் எழுந்து இரண்டாவது தட்டை எடுத்து நான்காம் பக்கத்தைப் போட்டார்.