நிறைகுடம் முதல் அடிமண்டி வரை

பாலவனத்தத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் சனோபருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. வளையல் வாங்க ஆள் வராத மத்தியான வேளைகளில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து செல்போனில் ஒரு மாய ராஜ்ஜியத்தை ஆண்டுகொண்டிருப்பாள். கதை படிக்கிற ஆப் ஒன்றில் அவள் எழுதும் தொடர் அது. பறக்கும் ஆமை, வாள் சுழற்றும் ராணி, வில்லங்கம் பிடித்த மந்திரவாதி என்று சகலமும் இருந்தும், வாசகர்கள் சொக்கிப்போனது என்னவோ அந்த நாட்டுக் கிழமைகளில்தான்.

ஆமை வாய் திறந்து வானத்திலிருந்து நீர் உமிழும் நாளில் அங்கே வாரம் பிறக்கும். அந்தக் கிழமைக்கு நிறைகுடம் என்று பெயர். அடுத்தடுத்து வெளுப்பு, தாராளம், நிதானம், சிக்கனம், கைமாற்று. கடைசிக் கிழமை அடிமண்டி. ஆமை பிகு பண்ணிக்கொண்டு வராவிட்டால், அது வரும்வரை அடிமண்டியே நீளும்.

என்னவொரு கற்பனை என்று கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் எழுதினார்கள். கற்பனையாவது கத்தரிக்காயாவது. சனோபரின் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான். வந்த மறுநாள் மொட்டைமாடியெல்லாம் துணி காயும். நாள் போகப் போகக் கை சுருங்கும். பிறகு பக்கத்து வீட்டில் குடம் கேட்பார்கள். கடைசியில் பானையைச் சாய்த்து, வண்டல் கலங்காமல் மேலாக மொண்டுகொள்வார்கள். அவள் செய்ததெல்லாம் ஓர் ஆமையைச் சேர்த்ததுதான்.

இந்தக் குட்டு தெரிந்த ஒரே வாசகன் அவள் புருஷன் இர்பான். துபாயில் ஏசி மெக்கானிக். தினமும் போனில், "இன்னைக்கு அங்க என்ன கெழமை?" என்பான். "சிக்கனம்," என்பாள். இருவரும் சிரிப்பார்கள். மூன்று வருஷம் கழித்து லீவு கிடைத்தபோதும் அவன் தேதி சொல்லவில்லை.

"வர்ற நிறைகுடத்தன்னைக்கு வாரேன் புள்ள. தேதியெல்லாம் கேக்காத."

சனோபருக்குக் கால் தரையில் பாவவில்லை. போன தடவை அவன் வந்தபோது வீட்டில் தண்ணீர் இல்லாமல், பயணம் செய்து வந்த மனிதன் அரை வாளியில் குளித்தான். அந்த வெட்கம் அவளை இன்னும் விட்டபாடில்லை. இந்த முறை அவன் வாசலில் கால் வைக்கும்போது தொட்டி முதல் சொம்பு வரை தளும்ப வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை.

அந்த நாள் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. வழியில் எங்கோ பெரிய குழாய் உடைந்துபோனதாம். சனோபர் அசரவில்லை. தண்ணீர் வராதவரை அடிமண்டிதானே, அப்புறம் அவர் எப்படி வருவார் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். தன் கதையின் சட்டத்தை அப்படி நம்பியிருந்தாள், அந்தப் பைத்தியக்காரி.

மத்தியானம் மதுரை ஏர்போர்ட் டாக்சி வந்து வாசலில் நின்றது. தலையில் எண்ணெய் வழிய, பழைய நைட்டியோடு நின்றவளைப் பார்த்து இர்பான் கேட்டான்.

"என்ன புள்ள இப்பிடி முழிக்கிற? கணக்குப்படி இன்னைக்கு நிறைகுடந்தான?"

"தண்ணியே வரலங்க. இன்னும் அடிமண்டிதான்," என்றவள் அழுதேவிட்டாள்.

எதிர்வீட்டு வெள்ளைத்தாய் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தாள். "அழுவாதத்தா. தம்பி மொதல்ல குளிக்கட்டும்." அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அரைக்குடம், ஒருத்தி ஒரு வாளி, இன்னொருத்தி ஒரே ஒரு சொம்பு. எல்லாம் அவரவர் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீர் என்பது சனோபருக்குத் தெரியும். இர்பானுக்கும் தெரியும்.

அவன் முற்றத்தில் நின்று அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அங்க கொழாயத் திருகுனா ராவும் பகலும் தண்ணிதான். ஆனா ஒரு நா கூட எனக்கு நிறைகுடமா இருந்ததில்ல புள்ள."

சனோபர் முந்தைய வெட்கத்தையெல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோனாள். துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த அத்தியாயத்தில் ஆமை வரவே இல்லை. வானம் காய்ந்து கிடந்தது. ஆனாலும் ராணி கோட்டை முரசை அறைந்து, இன்று நிறைகுடம் என்று அறிவித்தாள். இது கதையின் சட்டத்துக்கே விரோதம், உடனே திருத்துங்கள் என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். சனோபர் திருத்தவில்லை.