பருப்பு வேகாத வீடு

அப்பா வீடு வாங்கியபோது பார்த்ததுபோல் யாரும் பெண்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரைத் தட்டினார், உத்தரத்தைச் சுரண்டினார், ஓடுகளை எண்ணினார். கடைசியில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, இளநீர்தான் என்று சொல்லிவிட்டார். அடைமழை ஓய்ந்திருந்த கார்த்திகை மாதம் அது. மழைத் தண்ணீர் எந்தக் கிணற்றில்தான் தித்திக்காது?

அதுவரை திண்டிவனத்திலேயே, இரண்டு தெரு தள்ளி, பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்கார அம்மாள் உச்சிவேளையானால் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவாள். அதனால் அம்மாவுக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை. காலி செய்த அன்று, இனி உங்கள் கிணற்றுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா மாட்டு வண்டியில் ஏறினாள்.

மாசி பிறந்ததும் சொந்தக் கிணறு தன் குணத்தைக் காட்டியது. வாயில் வைக்க முடியாத உப்பு. துவரம்பருப்பு அரை நாள் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. அப்பாவுக்கு விழுப்புரத்தில் குமாஸ்தா வேலை. காலை ரயிலில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். யுத்த காலத்து விலைவாசியிலும் ஒரு வீட்டை வாங்கிவிட்ட பெருமையில் அவர் கால் தரையில் பாவவில்லை. அவரிடம் போய்ச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. எட்டு வயதுப் பெண்ணான என் இடுப்பில் குடத்தை வைத்தாள்.

"அந்தம்மா தூங்கற நேரமாப் பாத்து மொண்டுக்கினு வந்துடு. கண்ணுல பட்டுடாத."

அந்த நேரத்தில் கயிறு இருக்காது என்பதை அம்மாவும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். கிணற்றடியில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கார அம்மாள் கயிற்றோடு வெளியே வந்தாள்.

"பருப்பு வேவலையா?"

தலையாட்டினேன். தானே இறைத்து ஊற்றிக் குடத்தைத் தூக்கிவிட்டாள்.

"தெனம் வா கண்ணு. நான் பாத்தேன்னு உங்கம்மாகிட்ட சொல்லாத. பாவம்."

மறுநாளிலிருந்து மத்தியானத்திலும் கயிறு கிணற்றிலேயே தொங்கியது. யார் கண்ணிலும் படாமல் வருகிறேனே என்று அம்மா என் சாமர்த்தியத்தை மெச்சினாள். நானும் மறுக்கவில்லை.

சோற்றில் சாம்பாரைப் பிசையும்போதெல்லாம் அப்பா தவறாமல் சொல்வார்: "நம்ம கெணத்துத் தண்ணிக்குப் பருப்பு எப்டி வெந்திருக்குது பாரு."

அம்மா தலை நிமிராமல் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும். இப்படியும் ஓர் ஏமாளி உண்டா என்று நினைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்பா தினமும் விடியற்காலையில் எங்கள் உப்புக் கிணற்றில்தான் இறைத்துக் குளித்தார், அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.