படிவத்தில் எழுதிய பதினொரு மாதம்

கலிபோர்னியாவை விட்டுக் காப்பெல் என்ற ஊருக்குக் குடிவந்த வருஷம், அரசாங்கத்துக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரே நிபந்தனை, செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது நம்பகமானவள் என்று அரசாங்கம் விசாரித்துத் தரும் அனுமதி, வர வேண்டும். அதற்கான நீளமான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடந்த ஏழு வருஷத்தில் போதைப்பொருள் ஏதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

பயன்படுத்தியிருந்தேன். நான்கு வருஷத்துக்கு முன், சான்டா கிளாராவில். விவாகரத்து முடிந்து, மூன்று வயது மகளோடு ஓர் அக்காவின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். தூக்கமே வராது. கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாயைக் கடையிலேயே விற்றார்கள். கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில் தடையில்லை, ஆனால் மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. தூங்குவதற்கு ஒன்று என்று ஆரம்பித்தது, பதினொரு மாதத்தில் பகலுக்கும் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகளை விட்டிருந்த டேகேர் மூடும் நேரம் தாண்டியும் நான் போனை எடுக்காததால், அவர்கள் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். யூனிஃபார்மோடு மகளைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை உலுக்கி எழுப்பினார்.

"ஏ பிள்ளே, இந்தக் குழந்தைக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

வெட்கத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அந்த மாதமே வீடு மாறினேன். ஆனால் அன்றைக்கே மிச்சமிருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டேன். பிறகு தொடவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கலாம். அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம் என்று படிவமே எச்சரித்தது. அதைவிட, தினமும் எதையோ மறைத்துக்கொண்டு ஆபீஸ் போக எனக்குத் தெம்பில்லை. என்ன, எப்போது, எவ்வளவு நாள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வருஷங்களில் என்னை நன்றாக அறிந்தவர் யார் என்ற இடத்தில், வேறு யாரையும் யோசிக்க முடியாமல் அக்காவின் பெயரைப் போட்டேன். பிறகு பயந்துகொண்டே அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான்..."

"குரல் தெரியாதா எனக்கு? பாப்பா எப்படி இருக்கா?"

அழுதுவிட்டேன். பிறகு படிவத்தைப் பற்றியும், அவரை விசாரிக்க அதிகாரி வரலாம் என்பதையும் சொன்னேன்.

"சரி, வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்?"

"நடந்ததை அப்படியே சொல்லுங்க."

"டேகேர் விஷயத்தையுமா?"

"அதையும்தான்."

"நீ நிறுத்தினது மட்டும் எனக்குத் தெரியாதே. நீதான் சொல்லவே இல்லையே."

"அன்னைக்கே நிறுத்திட்டேன்க்கா. நீங்க கேட்ட அந்த ஒரு கேள்வியாலதான்."



விசாரணைக்கு வந்த அதிகாரி நரைத்த தலையோடு, அதிர்ந்து பேசாத ஒரு பெண். ஏன் நிறுத்தினீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் அதே வெள்ளிக்கிழமையைத்தான் சொன்னேன். பிறகு பத்து மாதம் ஒரு தகவலும் இல்லை. கிடைக்காது என்றே நினைத்து, வேறு வேலைகளுக்கு அப்ளை பண்ணத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் கிளியரன்ஸ் வந்தது.

செய்தி கேட்டதும் காரில் இருந்தபடியே அக்காவைக் கூப்பிட்டேன்.

"விசாரிக்க வந்த அந்தம்மா என்கிட்ட, இவளை நம்பலாமான்னு கேட்டாங்க" என்றார். "தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்திருக்கா, இன்னும் என்ன வேணும்னு கேட்டேன்."

"அன்னைக்கு உங்களைத் திட்டினேனேக்கா. இவ்வளவு நாள் ஒரு நன்றிகூடச் சொல்லலை."

"இப்ப சொல்லு, கேட்டுக்கிறேன்" என்று சிரித்தார்.

சொன்னேன். ஃப்ரீவேயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.