சாவிக்காரரின் புதுக் கண்ணாடி

சாவிக்காரர் "ரொக்கமா குடுங்க" என்றாலே ஆட்கள் சிரித்தார்கள். "இந்தக் காலத்துல யாருண்ணே பர்ஸ் தூக்கிட்டு வர்றா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள். "போனை நம்பி ஏமாறச் சொல்றியா?" என்று இவர் முறைப்பார். கஞ்சன், பிடிவாதக்காரன் என்று பேர் வந்தது. அட, வந்துவிட்டுப் போகட்டும்! உண்மை தெரிந்தால் அல்லவா மானம் போகும். அவருக்குப் படிக்கத் தெரியாது.

சாவியின் பல் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனிதருக்கு, மகள் ஒரு காகிதத்தை நீட்டினால் மட்டும் கண் மங்கிவிடும். "கண்ணு தெரியலம்மா, அம்மாகிட்ட காட்டு" என்றே பதினைந்து வருஷம் ஓட்டினார். கடைசியில் மகள் முதல் சம்பளத்தில் கண்ணாடி வாங்கி மாட்டியேவிட்டாள். போச்சுடா! கையோடு கடை வாசலில் க்யூஆர் அட்டையையும் ஒட்டினாள்.

"பணம் வந்துச்சான்னு வர்றவங்க போன்ல படிச்சுப் பாத்துட்டு சாவியக் குடுங்கப்பா. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! அன்று சாயங்காலம், மகள் வேலை முடிந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஒருவர் போனை நீட்டினார். "அனுப்பிட்டேண்ணே, பாத்துக்குங்க."

கண்ணாடியில் எழுத்துகள் பெரிசாகத் தெரிந்தன. தெரிந்து என்ன பிரயோசனம்? மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சாவியைக் கொடுத்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "இருங்கண்ணே, பணம் போகலன்னு போட்டிருக்கு."

வந்தவர் பதறிப்போய் மறுபடி அனுப்பிவிட்டுக் கிளம்பினார். சாவிக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. "கண்ணாடி பவர் சரியில்லம்மா" என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து இரவெல்லாம் புரண்டு படுத்தார்.

மறுநாள் அவள் ஒரு சின்னப் பெட்டியை மேஜையில் வைத்தாள். "பணம் வந்தா இதுவே வாய்விட்டுச் சொல்லிடும்பா. நீங்க எதையும் படிக்க வேணாம்."

அரம் பிடித்த கை நின்றுவிட்டது. தலை நிமிராமல், "தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"நேத்துதான் புரிஞ்சுது. நான் ஆறாவது படிக்கிறப்ப, அம்மா ஊர்ல இல்லன்னு, ரேங்க் கார்டுல டீச்சர் போடவேண்டிய எடத்துல கையெழுத்துப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? கண்ணு தெரியலன்னீங்க." அவள் குரல் உடைந்தது. "அப்பாவுக்குப் பார்வை போயிடுமோன்னு அன்னியிலேருந்து நான் பயந்துகிட்டே இருக்கேன். இவ்ளோதானாப்பா?"